பச்சை வாந்தி எடுக்கும் பச்சிளங்குழந்தை



குழந்தைகள் நலம் குறித்த இந்தச் சொற்பொழிவு தமிழில்தான் நடக்க வேண்டும், பொதுமக்களுக்கும் விளங்க வேண்டும் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். குழந்தைகளின் உடலைப் படமெடுத்துப் படிப்பது என் தொழில். அதில் பேசப் பெரிய பெரிய விஷயங்கள் உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, குடல் சுழற்சிப் பிழை என்ற ஒரே ஒரு பிறவிக் குறையை எடுத்துக்கொண்டேன். மருத்துவர்கள் இதை மால்ரொட்டேஷன் என்பார்கள். இந்தக் குறையோடு பிறந்து, குடல் முறுக்கிக்கொண்ட குழந்தை முழுசாகப் பிழைக்குமா, குடலைப் பறிகொடுக்குமா என்பது சில மணி நேரத்தில் முடிவாகிவிடும். அந்த நேரத்துக்குள் சரியான படம் எடுத்தார்களா என்பதைப் பொறுத்தே பல குழந்தைகளின் வாழ்நாள் முழுவதும் அமைகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், குடல் முறுக்கிக்கொள்ளவில்லை என்று படம் காட்டும்வரை, முறுக்கிக்கொண்டதாகவே நாம் நடந்துகொள்ள வேண்டும். அந்தப் படத்தை அன்றைக்கே எடுக்க வேண்டும். நள்ளிரவானாலும் எடுக்க வேண்டும். முடிந்தவரை அந்த மாவட்டத்திலேயே எடுக்க வேண்டும்.

கருவில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வருகிறேன். ஆறாவது வாரத்தில் கருவின் குடல் மளமளவென்று வளர்கிறது. வயிற்றுக்குள் கல்லீரல் பெரும்பாலான இடத்தைப் பிடித்துக்கொள்வதால் குடலுக்கு இடம் போதாது. அது தொப்புள்கொடிக்குள் இறங்கி, அங்கேயே சில வாரங்கள் வளர்ந்து, பத்தாவது வாரம் வாக்கில் மறுபடி வயிற்றுக்குள் வருகிறது. இந்தப் போக்குவரத்தில் குடல் தன் இரத்தக்குழாயை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. குடலின் பெரும்பகுதிக்கு இரத்தம் தரும் அந்தக் குழாய்க்கு மேல் நடுமடித் தமனி என்று பெயர். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழற்சி. வெளியே போகையில் 90, உள்ளே வருகையில் 180.

சுழற்சி ஒழுங்காக முடிந்தால் குடலின் இரண்டு முனைகள் இரண்டு எதிர் மூலைகளில் போய் நிலைகொள்கின்றன. முன்சிறுகுடல் முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் வளைவு, இடப்பக்கம் மேலே, இரைப்பைக்குப் பின்னால் நிற்கும். அதைப் பிடித்து நிறுத்தும் தசைநாரை 1853-ல் விவரித்தவர் வாக்லாவ் ட்ரைட்ஸ் என்ற செக் நாட்டு மருத்துவர். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் பை, அதாவது குடல்வால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம், வலப்பக்கம் கீழே இறங்கி உட்காரும். இந்த இரண்டு மூலைகளுக்கும் நடுவில், குறுக்குச் சாய்வாக, குடலை முதுகுச் சுவரோடு பிணைக்கும் மடிப்பு அகலமாக ஒட்டியிருக்கும். குடலுக்குப் போகிற, குடலிலிருந்து வருகிற இரத்தக்குழாய்கள் எல்லாம் அந்த மடிப்புக்குள்தான் ஓடுகின்றன.

தூளி கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். சேலையின் இரண்டு முனைகளைத் தள்ளித் தள்ளி இரண்டு கொக்கிகளில் மாட்டினால் தூளி ஆடும், முறுக்காது. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரே கொக்கியில் தொங்கவிட்டால், சும்மா ஒரு தள்ளு தள்ளினாலே சுற்றிக்கொள்ளும். சுழற்சி பாதியில் நின்றுபோன குழந்தையின் குடல் இந்த ஒற்றைக் கொக்கித் தூளிதான். இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவதால் மடிப்பின் அடி குறுகிப்போகிறது. அந்தக் குறுகிய காம்பைச் சுற்றி, கடிகாரத் திசையில், சிறுகுடல் முழுவதும் பெருங்குடலின் முதற்பாதியும் முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கு இறுகும்போது முதலில் சிரை அடைபடும், குடல் வீங்கும். பிறகு தமனியும் அடைபடும். அதற்குமேல் குடல் உயிரோடு இருப்பது மணிக்கணக்குதான்.

முறுக்கு இல்லாமலும் தொல்லை உண்டு. வலப்பக்கம் இறங்காமல் மேலேயே நின்றுவிட்ட பெருங்குடலிலிருந்து கிளம்பும் பட்டைகள் முன்சிறுகுடலின் குறுக்கே விழுந்து அதை நெரிக்கும். இவற்றுக்கு லாட் பட்டைகள் என்று பெயர். லாட் யார் என்று பிறகு சொல்கிறேன்.

எத்தனை பேருக்கு இந்தக் குறை இருக்கிறது? ஏதோ ஒரு வகையில் சுழற்சி பிசகியவர்கள் ஏறத்தாழ 500-ல் ஒருவர் என்றும், நோயாக வெளிப்படுவது ஏறத்தாழ 6000 பிறப்புக்கு ஒன்று என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் பிறந்த முதல் மாதத்திலேயே நோயோடு வருகிறார்கள். மிச்சம் பேர் பள்ளிக்கூட வயதிலும், ஏன், நாற்பது வயதிலும்கூட வரலாம்.

பரிந்துரைக் கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒரு வரிசை உண்டு. நிறைமாதக் குழந்தை, எடை நன்றாக இருக்கிறது, பிறந்ததும் அழுதது, தாய்ப்பால் குடித்தது, கருமலம் போனது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வாந்தி. வயிறு மெத்தென்று இருக்கிறது, உப்பவில்லை. கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று ஆன்டிபயாட்டிக் தொடங்குகிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வயிறு உப்புகிறது, மலத்தில் இரத்தம் கசிகிறது, குழந்தை துவண்டுபோகிறது. அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றுகிறார்கள். இந்தக் கடிதங்களில் எல்லாம் இருக்கும். முதல் வாந்தியின் நிறம் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

நிறம்தான் இந்த நோயின் முதல் தடயம். பித்தநீர் முன்சிறுகுடலின் நடுப்பகுதியில் வந்து கலக்கிறது. அதற்குக் கீழே எங்காவது அடைப்பு இருந்தால் பித்தம் மேலேறி வாந்தியில் பச்சையாக வரும். அதற்கு மேலே அடைப்பு இருந்தால் வாந்தி பால் வெள்ளையாகவே இருக்கும். எல்லாக் குழந்தையும் பால் கக்கும், எதுக்களிக்கும். அது வேறு. பச்சை வேறு. பச்சை வாந்தி எடுத்த எல்லாக் குழந்தைக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது என்பதும் உண்மைதான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இப்படிப்பட்ட பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒன்றுக்கும் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் அறுவை மருத்துவரின் கை தேவைப்படும் காரணம் இருந்தது. ஆனால் யார் அந்த ஒருவர் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. படம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கேள்வித்தாள் ஆய்வு என் மனத்தை விட்டு அகலாதது. மஞ்சளிலிருந்து கரும்பச்சைவரை நிற அட்டைகளைக் காட்டி, பித்த வாந்தி எந்த நிறம் என்று பெற்றோரையும் மருத்துவத் துறையினரையும் கேட்டார்கள். பெற்றோரில் பலர் மஞ்சளைத்தான் தொட்டுக் காட்டினார்கள். துறையினரிடையேகூட ஒருமித்த பதில் இல்லை. நம் வீடுகளிலும் பித்தம் என்றால் மஞ்சள் என்ற நினைப்புதான். ஆகவே செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பித்தமாக எடுத்ததா என்று தாயிடம் கேட்காதீர்கள். என்ன நிறம் என்று கேளுங்கள். குழந்தையைத் துடைத்த துணியைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது, துணியைப் படமெடுத்துக் கேஸ் ஷீட்டோடு சேருங்கள். பரிந்துரைக் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்படும் ஒற்றை வரி அதுதான்.

இனி என் துறைக்கு வருகிறேன். ரான்ட்ஜன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், விலங்குகளுக்குக் கதிர் ஊடுருவாத பொருளைக் கொடுத்து, அது உணவுப் பாதையில் இறங்குவதைத் திரையில் பார்க்கத் தொடங்கினார். கதிரைக் கண்டுபிடித்த கையோடு மனிதன் தேடிப் பார்த்தவற்றில் குடலின் ஓட்டமும் ஒன்று என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

சாதாரண எக்ஸ்ரேயிலிருந்து தொடங்குவோம். வயிற்றுப் படத்தில் இரைப்பையும் முன்சிறுகுடலும் காற்றால் உப்பி, அதற்குக் கீழே காற்று குறைவாகத் தெரிந்தால் அடைப்பு என்று ஊகிக்கலாம். குடலில் துளை விழுந்திருந்தால் வெளிக்காற்று தெரியும். ஆனால் குடல் முறுக்கிக்கொண்ட குழந்தையின் எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாக இருக்கலாம். இதை அழுத்திச் சொல்கிறேன். எக்ஸ்ரே நார்மல் என்ற ஒரு வரியை நம்பி, பச்சை வாந்தி எடுத்த குழந்தையை இரவு முழுக்கக் கண்காணிப்பில் போடுவது தவறு. நல்ல எக்ஸ்ரே இந்த நோயை விலக்காது.

நெடுங்காலமாகத் தீர்ப்பு சொல்லி வந்தது சாய மருந்துப் படம். குழந்தையின் மூக்குவழிக் குழாயில் சாய மருந்தைச் செலுத்தி, ஃப்ளூரோஸ்கோப்பி திரையில் அது ஓடுவதைப் பார்ப்பது. துளை இருக்குமோ என்ற அச்சம் இருந்தால் நீரில் கரையும் அயோடின் மருந்து, இல்லையென்றால் பேரியம். கேட்க எளிது, செய்யும்போது கையும் கண்ணும் ஒன்றாக ஓட வேண்டும். முதலில் குழந்தையை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைப்போம். இரைப்பையின் வாசல் அந்தப் பக்கம் இருப்பதால் மருந்து தானாக இறங்கும். மருந்து வாசலைத் தாண்டி முன்சிறுகுடலில் நுழைந்ததும், அது முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் இறங்குகிறதா, முன்னே தள்ளி வருகிறதா என்று பக்கவாட்டில் ஒரு படம். உடனே குழந்தையை மல்லாக்கத் திருப்ப வேண்டும், இடுப்பும் தோளும் கோணாமல், துல்லியமாக நேராக. மருந்தின் முதல் அலை நடுக்கோட்டைக் கடந்து இடப்பக்கம் ஏறும் அந்த ஓரிரு நொடியில் அடுத்த படம். அந்த நொடியைத் தவறவிட்டால், மருந்து சிறுகுடலில் பரவி எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிறகு எத்தனை படம் எடுத்தாலும் முதல் அலை திரும்பி வராது.

அந்தப் படத்தில் ஒரே கேள்விதான். வளைவு எங்கே இருக்கிறது? இயல்பான குழந்தையில் அது முதுகெலும்பின் இடது விளிம்பைத் தாண்டி, இரைப்பையின் வாசலுக்கு அடுத்த குமிழின் உயரத்துக்கு ஏறி நிற்கும். வளைவு நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டாலோ, தாழ்ந்திருந்தாலோ, முன்சிறுகுடல் இடப்பக்கம் போகாமல் வலப்பக்கமே கீழே இறங்கினாலோ, சுழற்சி முடியவில்லை என்று பொருள். முறுக்கும் இருந்தால் மருந்து தக்கைத்திருகியைப் போலச் சுருண்டு சுருண்டு இறங்கும். முறுக்கு இறுகியிருந்தால் அலகுபோல் கூர்ந்து அப்படியே நின்றுவிடும்.

இந்தப் படமும் ஏமாற்றும். பச்சிளங்குழந்தையின் தசைநார்கள் தளர்ந்தவை. உப்பிய இரைப்பையோ, உப்பிய பெருங்குடலோ, உள்ளே விட்ட குழாயோ வளைவைக் கீழே தள்ளிவிடலாம். நோயில்லாத குழந்தைக்கு நோய் என்று எழுதிவிட்டால் தேவையற்ற அறுவை. நோயுள்ள குழந்தையை இயல்பு என்று அனுப்பிவிட்டால் அடுத்த முறை வரும்போது குடல் இருக்காது. இரண்டில் எது பெரிய கேடு என்று சொல்ல வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் மருந்தைப் பெருங்குடல்வரை பின்தொடர வேண்டும், குடல்வால் மூலை எங்கே என்று பார்க்க வேண்டும், அப்போதும் தெளியாவிட்டால் இரைப்பையைக் காலிசெய்து மறுபடி எடுக்க வேண்டும். ஆசனவாய் வழியாக மருந்து செலுத்திப் பெருங்குடலை மட்டும் பார்க்கும் பழைய முறையை இந்த நோய்க்கு நம்பக் கூடாது. சுழற்சி பிசகிய சில குழந்தைகளில் பெருங்குடல் சரியான இடத்திலேயே இருக்கும். இயல்பான சில பச்சிளங்குழந்தைகளில் அது இன்னும் மேலேயே நிற்கும்.

இப்போது அல்ட்ராசவுண்ட். 1981-லேயே சி.டி. படத்தில் முறுக்கிய குடல், தன் தமனியைச் சுற்றி நீர்ச்சுழியைப் போலத் தெரிவதைக் கண்டு எழுதினார்கள். 1983-ல் இன்னொரு சி.டி. ஆய்வு, சுழற்சிப் பிழையில் சிரையும் தமனியும் இடம் மாறி நிற்பதைச் சொன்னது. பிறந்த குழந்தையைச் சி.டி.யில் போடுவது கதிர்வீச்சின் காரணமாக நாம் விரும்பாதது. 1992-ல் பிரான்சு நாட்டு மருத்துவர் பிராக்ரோஸும் அவருடைய குழுவினரும் அதே சுழியை அல்ட்ராசவுண்டில் காட்டினார்கள். கதிர்வீச்சு இல்லை, மருந்து கொடுக்க வேண்டாம், குழந்தையை இன்குபேட்டரிலிருந்து எடுக்கக்கூட வேண்டியதில்லை.

அதை எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். ஜெல்லைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். குளிர்ந்த ஜெல் பட்டால் குழந்தை வீறிட்டு அழும், அழுதால் காற்றை விழுங்கும், காற்று படத்தைக் கெடுக்கும். சிறிய, அதிக அதிர்வெண் கருவியைத் தொப்புளுக்கு மேலே குறுக்காக வைத்து, அழுத்தாமல் ஊன்றுவேன். திரையில் முதலில் முதுகெலும்பு, அதன் முன்னே பெருந்தமனி, அதற்கும் முன்னே சிறிய வட்டமாக மேல் நடுமடித் தமனி. அதன் வலப்பக்கம், சற்றுப் பெரிதாக, சிரை நிற்க வேண்டும். சிரை முன்னாலோ இடப்பக்கமோ நின்றால் எச்சரிக்கை மணி. அடுத்து, முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி பெருந்தமனிக்கும் அந்தச் சிறிய தமனிக்கும் இடையே புகுந்து இடப்பக்கம் போகிறதா என்று தேடுவேன். வழி தெரியவில்லையென்றால் குழாய்வழியாகக் கொஞ்சம் நீரோ பாலோ விட்டு, அது போகும் பாதையைத் தொடர்வேன். மூன்றாவதாக, கருவியை மேலிருந்து கீழே மெல்ல நகர்த்துவேன். முறுக்கு இருந்தால் சிரையும் மடிப்பும் தமனியைச் சுற்றிக் கடிகாரத் திசையில் திரும்புவது கண்ணுக்கு முன்னே நடக்கும். கலர் டாப்ளரைப் போட்டால் நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று சுற்றி ஓடும். ஒருமுறை அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். அதைப் பார்த்த பிறகு வேறு எந்தப் படமும் தேவையில்லை. குழந்தையை நேரே அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டியதுதான். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பேரியம் என்று அனுப்பிவைத்து ஒரு மணி நேரத்தைச் செலவழிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஸ்கேனை எவ்வளவு நம்பலாம்? இதுபற்றி நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஒரு கட்டுரை வந்தது. நோயுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 94 பேரை அல்ட்ராசவுண்ட் பிடித்துவிடுகிறது, நோய் என்று அது சொன்னால் அநேகமாகப் பொய்ப்பதில்லை என்பது அதன் முடிவு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிரையும் தமனியும் சரியான பக்கத்தில் இருந்தும் சுழற்சி பிசகிய குழந்தைகள் உண்டு. ஆகவே இரத்தக்குழாய் இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதக் கூடாது. மூன்றாம் பகுதியைக் கண்ணால் கண்டேன் என்று எழுத முடிந்தால்தான் அந்த நார்மலுக்கு மதிப்பு. குடல் காற்றால் எதுவும் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்று நேர்மையாக எழுதிவிட்டுச் சாயப் படத்துக்கு அனுப்ப வேண்டும்.

உலகில் இன்னும் பல இடங்களில் சாயப் படம்தான் முதல் தேர்வு. அங்கே அதற்கு வேண்டிய திரையும், இரவில் அதைச் செய்யும் கையும் இருக்கின்றன. நம் நிலைமை வேறு. எண்டோஸ்கோப்பியும் சி.டி.யும் வந்தபிறகு பேரியப் படங்கள் நம் மருத்துவமனைகளில் வெகுவாகக் குறைந்துவிட்டன. இன்றைக்கு முதுநிலைப் பட்டம் படிக்கும் மாணவர் பச்சிளங்குழந்தைக்குச் சாயப் படம் எடுப்பதைப் பார்க்கும் வாய்ப்பே அரிது. அதே மாணவர் நாள்தோறும் ஸ்கேன் கருவியைப் பிடிக்கிறார். கை பழகிய கருவியை விட்டுவிட்டுப் பழகாததை நள்ளிரவில் தேடுவானேன்? நம் மாவட்டங்களில் முதல் படம் அல்ட்ராசவுண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு விதிவிலக்கு உண்டு. பச்சை வாந்தியோடு வயிறு கல்லாகி, நாடி விழுந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு எந்தப் படமும் வேண்டாம். அறுவை மருத்துவர் வயிற்றைத் திறக்கட்டும்.

படத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். எடின்பரோவின் நார்மன் டாட், கருவில் நடக்கும் சுழற்சியையும் கட்டிலில் கிடக்கும் நோயாளியையும் இணைத்து 1923-ல் எழுதினார். பின்னாளில் இவர் மூளை அறுவையில் புகழ்பெற்றவர். அறுவை முறையைத் தந்தவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் வில்லியம் லாட். அவருடைய 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையின் வழிதான் இன்றும் நடக்கிறது. குடலை எதிர்த்திசையில் அவிழ்த்து, சூடான ஈரத்துணி போர்த்தி நிறம் திரும்பக் காத்திருந்து, முன்சிறுகுடலின் மேல் விழுந்த பட்டைகளை அறுத்து, குறுகிய மடிப்பை விரித்துவிடுவார்கள். பெருங்குடலை அதன் இயல்பான இடத்தில் கொண்டுபோய்த் தைப்பதில்லை. சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்துவிடுவார்கள். குடல்வால் இனி இடப்பக்கம் கிடக்கும் என்பதால், பின்னாளில் அது அழன்றால் குழப்பம் வரக்கூடாது என்று பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த அறுவை செய்த குழந்தைக்குப் பிறகு எந்த வயதில் படம் எடுத்தாலும் குடல் இடம் மாறித்தான் தெரியும். அது நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. ஆகவே அறுவைக் குறிப்பை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

நேரத்தோடு அவிழ்த்த குழந்தை சில நாளில் பால் குடித்து வீட்டுக்குப் போகும், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். நேரம் கடந்த குழந்தையின் கருத்துப்போன குடலை வெட்டி எடுக்க வேண்டிவரும். மிஞ்சிய குடல் போதாதபோது உணவைச் சிரை வழியாக, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் செலுத்த வேண்டும். அதன் செலவும் கிருமித்தொற்றும் கல்லீரல் கேடும் ஒரு சாதாரணக் குடும்பத்தை என்ன செய்யும் என்று இங்கிருக்கும் மருத்துவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு குழந்தைகளுக்கும் பிறப்பில் எந்த வேற்றுமையும் இல்லை. படம் எடுத்த நேரம்தான் வேற்றுமை.

வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கடி வயிற்றுவலி, சாப்பிட்டதும் வாந்தி, எடை ஏறாமை என்று ஆண்டுக்கணக்கில் அலையும் பிள்ளைகளில் சிலருக்குக் குடல் விட்டுவிட்டு முறுக்கி, தானே அவிழ்கிறது. வலி இல்லாத நாளில் ஸ்கேன் எடுத்தால் முறுக்கு தெரியாது. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளும் இதில் உண்டு. பச்சை வாந்தி என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தாலும், வளைவு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பிள்ளையை விடாதீர்கள்.

நம் மாநிலத்தில் இது நடக்காத காரியம் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. 108 வண்டிகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே வண்டிகள் இருக்கின்றன. ஸ்கேன் கருவி இல்லாத மாவட்ட மருத்துவமனை இல்லை. குறைவது வேறு. பகலில் கர்ப்பிணிகளைப் பார்த்து முடித்ததும் ஸ்கேன் அறை பூட்டப்படுகிறது. கருவிலேயே பெண்சிசுவைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட்டு, இடம் குறிக்கப்பட்டு இருக்க வேண்டும். அந்தச் சட்டம் தேவையான சட்டம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதற்குட்பட்டே பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கென்று ஒரு கருவியை முறையாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. நிர்வாகம் மனம் வைக்க வேண்டும்.

குழந்தை அறுவை மருத்துவர்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். மாவட்டத்தில் சுழியைக் கண்டுபிடித்துவிட்டால், சில நொடி நீளமுள்ள வீடியோவை அவர்களுக்கு அனுப்பிவிடலாம். வண்டி வந்து சேரும்போது அரங்கு தயாராக இருக்கும். வந்து சேர்ந்த பிறகு முதலிலிருந்து பரிசோதனை தொடங்கும் வழக்கம் ஒழிந்தால், நான் கண்ட பல குழந்தைகளின் குடல் தப்பியிருக்கும்.

இங்கிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களிடம் இரண்டு கோரிக்கைகள். பச்சிளங்குழந்தைப் பிரிவின் கேஸ் ஷீட்டில் வாந்தியின் நிறத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். செலவில்லாத மாற்றம் இது. பச்சை என்று அந்தக் கட்டத்தில் எழுதியவுடன் பணியிலிருக்கும் மருத்துவர் ஸ்கேனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள், விடியட்டும் என்ற பேச்சே இருக்கக் கூடாது. என் துறை மாணவர்களிடம் ஒரு கோரிக்கை. பணியில் இருக்கும் நாளெல்லாம், எந்தக் காரணத்துக்காகக் குழந்தையை ஸ்கேன் செய்தாலும், சிரை எந்தப் பக்கம், மூன்றாம் பகுதி எங்கே என்று பார்த்துப் பழகுங்கள். இயல்பானதை நூறு முறை பார்த்த கண்ணுக்குத்தான் பிசகியது இரவு இரண்டு மணிக்கும் தெரியும்.

கடைசியாகத் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் பேசுகிறேன். கைக்குழந்தை வாந்தி எடுத்தால் குடல் ஏறியிருக்கிறது என்று எண்ணெய் தடவித் தட்டிவிடுவதும், மாந்தம் என்று உரைமருந்து கொடுப்பதும், உரம் விழுந்ததென்று எடுக்கக் கூட்டிப்போவதும் நம் ஊர் வழக்கம். அன்பினால் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாந்தி பச்சையாக இருந்தால் இவற்றில் எதுவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், பாலும் கொடுக்க வேண்டாம். துடைத்த துணியை அலசாமல் கையோடு எடுத்துக்கொண்டு, பகலோ இரவோ, 108-ஐக் கூப்பிட்டு உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வந்ததும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது, இப்போதே ஸ்கேன் பாருங்கள்.